மறுப்போர் இல்லை

ஊரில் எனக்குச் 'சட்டசபைக்காரி' என்று பெயர். ஏதோ முதலமைச்சருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது என்பதுபோல. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எங்கள் ஊருக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கூட, "இன்னாம்மா, சபை லீவா?" என்பார். உண்மையில் நான் அங்கே சுருக்கெழுத்தர். அவையின் நடுவே ஒரு மேசை இருக்கும். நாங்கள் முறை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்து, உறுப்பினர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதுவோம். முறை முடிந்ததும் எழுந்து போய்த் தட்டச்சு செய்வோம். சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, யாராவது அபத்தமாகப் பேசினால் புருவம்கூட உயரக் கூடாது. குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் அக்காவுக்கு மட்டும் இது புரியவே இல்லை. ஒருமுறை டிவி செய்தியில் என் பின்னந்தலை தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து நான் சொன்னால் அங்கே நடக்கும் என்று நம்பினாள். ரேஷன் கடையில் பருப்பு சரியில்லை என்றாலும் எனக்குத்தான் போன் வரும்.

அக்காவை மாமன் வீட்டிலேயே கட்டிக்கொடுத்ததால் அவள் ஊரைவிட்டுப் போகவே இல்லை. மாமா இறந்து, மகளும் கல்யாணமாகித் திண்டிவனம் போன பிறகு, அவளுக்கென்று இருந்தது கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும். மல்லாட்டை போடுவாள், நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஏரி நிறைந்த வருடம் நெல்லும் வைப்பாள். எங்கள் பக்கத்து மலைகள் எல்லாம் பாறை மேல் பாறை. கோட்டை பார்க்க வருகிறவர்களுக்குப் போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். ஒரு சொட்டு மழையைப் பிடித்து வைக்காது. விழுந்த தண்ணீர் அப்படியே கீழே ஓடிவரும். அதை ஏரிக்குக் கொண்டுசேர்ப்பது ஒரு வரத்துக்கால், மலையடியிலிருந்து சரிவில் இறங்கிவரும் மண் கால்வாய். அதில் வந்தால் ஏரியில் தண்ணீர். ஏரியில் நின்றால் அக்காவின் கிணற்றில் தண்ணீர். அவளுடைய பிழைப்பு முழுக்க அந்தக் கால்வாயில்தான் இருந்தது.

சோலார் கம்பெனி வந்தது அந்தச் சரிவுக்குத்தான். அங்கே நிலம் வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தார்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் ஓடிய கால்வாய் அரசுப் புறம்போக்கு. நீர்வழியைத் தனியாருக்குக் கொடுக்க அப்போது சட்டத்தில் இடமில்லை.

"ரெண்டு பக்கமும் வாங்கிக்கட்டும்டி. கால்வாய இன்னா பண்ணுவான், மடிச்சி பாக்கெட்ல வெச்சிக்குவானா?" என்று அக்கா சிரித்தாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குச் சூரியனோடு எந்தப் பகையும் இல்லை. கரியை எரித்து ஊரை மூச்சுத்திணற வைப்பதைவிட வெயிலில் கரன்ட் எடுப்பது எவ்வளவோ மேல். சித்திரை மாதத்தில் செஞ்சி வெயிலை எவனாவது எடுத்துக்கொண்டு போனால் புண்ணியமாகப் போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வெயிலை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

அந்தச் சமயத்தில் ஊரில் கிராம சபைக் கூட்டம் நடந்தது. நானும் லீவில் அங்கே இருந்தேன். பள்ளிக்கூடக் கட்டடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி திட்டத்தை விளக்கினார். மரியாதையான மனிதர், பொறுமையாகத்தான் பேசினார்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது எதிரே இருப்பவர்கள் சும்மா இருந்தால் அது அவமரியாதை. 'ஆங்' போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆமாம் என்று அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு என்று அர்த்தம். பிடிக்காத சம்பந்தி பேசினால்கூட முழுக்க ஆங் போட்டுக் கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் கிழிகிழி என்று கிழிப்பார்கள். அக்கா இதில் கெட்டிக்காரி. அவள் ஆங் போட்டால் பேசுகிறவருக்கு உற்சாகம் பிறந்துவிடும்.

அதிகாரிக்கும் பிறந்துவிட்டது. "உங்க ஊருக்கு வேலைவாய்ப்பு வரும்" என்றார். ஆங். "இதுல புகை இல்ல, சத்தம் இல்ல." ஆங். "அவசியப்பட்டா கால்வாய மாற்றுப் பாதையில திருப்பி விடுவாங்க." அதற்கும் முதலில் கேட்டது அக்காவின் ஆங்தான். அவர் காகிதத்தை மடித்துக்கொண்டே, "அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார். ஆங் என்றது கூட்டம். சொல்லி முடிக்கட்டும், பிறகு நாம் ஆரம்பிக்கலாம் என்று எல்லோரும் இருந்தார்கள். அவர் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"இன்னாடி இது, நம்மள ஒண்ணுமே கேக்காம போறாரு?" என்றாள் அக்கா.

"கேட்டாருக்கா. நீதான் பதில் சொன்ன."

"நான் எங்கடி பதில் சொன்னேன்? ஆங்னுதான சொன்னேன்?"

ஏகமனதாக ஏற்கப்பட்டது என்று தீர்மானம் எழுதினார்கள். சிலர் ஓடிப்போய்த் தகராறு செய்தார்கள்; கையெழுத்து ஆகிவிட்டது, அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சட்டம்தான் இடம் கொடுக்காதே.

சில மாதங்களில் அந்தச் சட்டமே அவைக்கு வந்தது. பெரிய மின் திட்டங்களுக்கு நிலத்தை ஒன்றுசேர்த்துக் கொடுக்கும் மசோதா. பிரதியை நின்றபடியே படித்தேன். திட்டப் பரப்புக்குள் வரும் ஓடை, கால்வாய் முதலியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம், நீருக்கு மாற்றுப் பாதை அமைத்தால் போதும் என்று இருந்தது. எத்தனையோ மசோதாக்கள் நிறைவேறுவதை எழுதியிருக்கிறேன். அவை எல்லாம் யாரோ ஒருவருடைய கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் என்று அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அவையில் வைத்துவிட்ட மசோதா ரகசியம் இல்லை. அன்று சாயந்திரமே அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப கெணறு?" என்றாள்.

மாற்றுப் பாதை பற்றிய வரியைப் படித்துக் காட்டினேன்.

"நீதான் நடுவுல உக்காந்திருக்கியே. அவங்க ஆம்னு சொல்றப்ப நீ ஒரு தடவ இல்லன்னு சொல்லிடேன்டி. மைக் இருக்குதில்ல?"

"நான் அங்க வாயத் தொறந்தா வெளிய தள்ளிடுவாங்கக்கா."

"ஒரே ஒரு வார்த்ததான?"

கோபம் வந்துவிட்டது எனக்கு. கேப்பையில் நெய் வடிகிறது என்று நம்புகிறவளிடம் என்னத்தைப் பேசுவது? மனு கொடு என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அவள் ஊரில் நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு விழுப்புரம் போய் மனு கொடுத்தாள். அன்று அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பஸ் பிதுங்க, செஞ்சி வரை நின்றுகொண்டே திரும்பியிருக்கிறார்கள். மனு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதா விவாதத்துக்கு வந்தது. கடைசி நாள் என்பது கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி மாதிரி. இருப்பதை எல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு இலையை எடுக்கத்தான் பார்ப்பார்கள். இந்த மசோதாவை எதிர்ப்போம் என்று சொன்ன உறுப்பினர்களும் இருந்தார்கள். ஆனால் காலையிலேயே வேறு ஏதோ பிரச்சினைக்காகக் கோஷம் போட்டு வெளிநடப்பு செய்துவிட்டார்கள். மசோதா எடுக்கப்பட்டபோது அவர்களுடைய இடம் காலியாக இருந்தது.

என் முறையில்தான் அது வந்து விழுந்தது. அமைச்சர் பேசினார். பசுமை, வருங்காலத் தலைமுறை, முன்னோடி மாநிலம். எல்லாம் நல்ல சொற்கள், ஒவ்வொன்றுக்கும் என் கையில் சுருக்கக் குறி உண்டு. சம்பந்தப்பட்ட கிராம சபைகள் இதை ஏகமனதாக வரவேற்றிருக்கின்றன என்றார். மேசைகளைத் தட்டினார்கள். மேசையைத் தட்டும் ஒலி என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன். அந்த ஏகமனதில் என் அக்காவின் குரல் இருப்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஊமை கண்ட கனவை யாரிடம் சொல்ல?

பிறகு பேரவைத் தலைவரின் வழக்கமான அந்த வாசகம் வந்தது. "ஏற்போர் ஆம் என்க." ஆம் என்றார்கள். "மறுப்போர் இல்லை என்க."

ஒரு நொடி அவை அமைதியாக இருந்தது. அக்கா சொன்ன அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. பென்சிலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஏற்போர் அதிகம், மசோதா நிறைவேறியது என்றார் தலைவர். மௌனத்துக்குச் சுருக்கெழுத்தில் குறி கிடையாது. அடுத்த மசோதாவின் பெயரைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள், நானும் அதை எழுதத் தொடங்கினேன்.

அக்கா அந்தக் காட்சியை யாருடைய செல்போனிலோ பார்த்திருந்தாள். அன்று ராத்திரி பேசியபோது அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ இன்னாத்துக்குடி வருத்தப்படுற? அவரு உங்களுக்கெல்லாம் டைமே குடுக்கலியே. மறுப்போர் இல்லன்னு அவரே சொல்லிட்டாரே."

அது அப்படி இல்லை, மறுக்கிறவர்கள் 'இல்லை' என்று சொல்லுங்கள் என்று அர்த்தம் என விளக்கப் போனேன். பாதியில் நிறுத்திவிட்டேன். எத்தனையோ வருடம் அந்த வாசகத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன், அக்கா கேட்டமாதிரி ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கேட்டதுதான் சரி என்று பட்டது.

வேலி போட வெகுகாலம் ஆகவில்லை. சரிவை மட்டம் செய்தார்கள். கால்வாய் இருந்த இடத்தில் கம்பங்கள் நின்றன. மாற்றுப் பாதையும் போட்டார்கள், சட்டத்தை மீறிவிடவில்லை. வேலிக்கு வெளியே ஒரு சிமெண்ட் கால்வாய் கட்டி, மலைத் தண்ணீரை ரோட்டோரப் பள்ளத்தில் விட்டார்கள். மாற்றுப் பாதை வேண்டும் என்றுதான் சட்டத்தில் இருந்தது. அது ஏரிக்குப் போக வேண்டும் என்று இல்லை. ஐப்பசியில் நல்ல மழை. மலையிலிருந்து வந்த தண்ணீர் எல்லாம் ரோட்டைத் தாண்டி எங்கேயோ போயிற்று. ஏரியில் மாடுகள் மேய்ந்தன.

அடுத்த கோடையில் கிணறு கைவிட்டது. போர் போட்டுப் பார்த்தாள் அக்கா. பாறை மாவுதான் புகையாக வந்தது. போட்டிருந்த மல்லாட்டை காய் பிடிக்காமல் கருகியது. அவளுடைய நிலத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதால் அவளுக்கு நஷ்டஈடு கேட்கவும் வழியில்லை. பட்டா அவள் பெயரில், வரப்பு அப்படியே, கிணறும் அதே இடத்தில். எதுவுமே பறிபோகாதவளுக்கு யார் என்ன கொடுப்பார்கள்? நான் யார் யாரையோ பார்த்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். என்னால் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

போன பங்குனியில் ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அக்கா கம்பெனியில் வேலைக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்னிடம் அவள் மூச்சுவிடவில்லை. வேலி ஓரமாக நடந்துபோய்ப் பார்த்தேன். சோலார் தகடுகளில் தூசி படிந்தால் கரன்ட் குறையுமாம். அதைக் கழுவ லாரியில் தண்ணீர் வந்து நிற்கிறது, எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரோ. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நீளக் குச்சியில் மாட்டிய பிரஷ்ஷால் அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவிய தண்ணீர் தகட்டிலிருந்து வழிந்து மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, வீட்டுக்குப் போ, வந்துவிடுகிறேன் என்று சாடை காட்டினாள்.

சாயந்திரம் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். கறுத்து, இளைத்திருந்தாள். "சாப்டியாடி?" என்று கேட்டுக்கொண்டே, குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு என்னிடம் நீட்டினாள். பாதி குடித்த பிறகுதான் கேட்டேன், கிணற்றில் ஊறுகிறதா என்று.

"கெணத்துல எங்கடி? இது கண்ணாடி கழுவுற லாரித் தண்ணி. வெளிய எடுத்துக்கினு போவக் கூடாதுன்னு ரூல். ஆனா சூப்பர்வைசர் தங்கமான மனுசன், தெனம் ஒரு கொடம் எடுத்துக்க சொல்லிட்டாரு."

சொம்பு என் கையிலேயே இருந்தது. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தப் புள்ள காண்ட்ராக்ட்லதான் இருக்குதாம். மாத்திட்டா வேற எவன் வருவானோ, குடுப்பானோ மாட்டானோ. நீ உங்க சபையில யார்கிட்டயாவது சொல்லி, அவர மட்டும் இங்கயே பர்மனென்ட் பண்ணிக் குடுடி."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரிக்கா, சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.