அம்மாவின் பெயரில் ஒரு மென்பவளம்

பவளப்பாறை பற்றிய வேலை என்று சொன்னால் போதும், ஆட்கள் உடனே நீச்சலைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கு நீந்தத் தெரியாது. ரொறன்ரோவில், ஜன்னல் இல்லாத ஓர் ஆய்வுகூடத்தில், யாரோ எங்கோ மூழ்கி எடுத்துவந்த மென்பவளங்களை இனம் பிரிப்பதுதான் என் வேலை. கடலுக்குள் அவை என்ன நிறத்தில் அசைந்துகொண்டிருந்தனவோ தெரியாது. பழுதாகாமல் அல்ககோல் ஊற்றிய போத்தலில் என்னிடம் வரும்போது எல்லாமே தேத்தண்ணியில் ஊறிய பாண் துண்டின் நிறம்.

வெறும் கண்ணால் பார்த்து இனம் சொல்ல ஏலாது. ஒரு சிறு துண்டை வெட்டிப் பிளீச்சில் போடவேண்டும். சதை கரைந்து அடியில் வெள்ளைத் தூள் மிஞ்சும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்தத் தூள் முழுவதும் சுண்ணாம்பு முட்கள். முள்ளின் வடிவத்தை வைத்துத்தான் இன்ன இனம் என்று சொல்வோம். கண் போகும், கழுத்துப் போகும், கையில் பிளீச் மணம் மட்டும் போகாது. சப்வேயில் பக்கத்தில் இருப்பவர்கள் என்னைக் கிளீனிங் வேலை செய்பவள் என்று நினைத்தாலும் அதில் பெரிய பிழையில்லை.

சில வருடங்களாக ஒரே ஒரு போத்தலோடு மாரடித்தேன். இந்து சமுத்திரத்துத் தீவொன்றின் பாறையிலிருந்து வந்தது. முட்கள் தடித்து நீண்டிருந்தன. எந்தப் புத்தகத்திலும் அப்படியொன்று இல்லை. அதே பாறையில் எடுத்த இன்னொரு போத்தலில் எல்லோருக்கும் தெரிந்த இனம், பொடி முட்கள். ஆகவே என்னுடையது புது இனம். என் மேலதிகாரியும் ஒப்புக்கொண்டார். இதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தால், வசந்தத்தில் முடியவிருந்த என் வேலைக் கொன்ராக்ரை நீட்டிக்கக் கேட்கலாம் என்றார்.

கொன்ராக்ரும் வேண்டியிருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. புது இனத்தைக் கண்டு எழுதுபவருக்கு அதற்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. அம்மாவும் நானும் ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்ரில் இருக்கிறோம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அதுக்கு உங்கட பேரைத்தான் வைக்கப்போறன்."

"உனக்கென்ன விசரோ? கடலுக்குள்ள கிடக்கிற ஊத்தைக்கு என்ர பேரோ? சனம் சிரிக்கும்."

அதன் பிறகு, நான் வந்து சப்பாத்தைக் கழற்றமுன்னரே கேட்பார்: "பேர் வச்சாச்சோ?" இல்லை என்பேன். "பிறந்த பிள்ளைக்குக்கூட இவ்வளவு நாள் எடுக்கிறேல்லையடி" என்று நக்கலடித்துவிட்டுச் சோற்றைச் சூடாக்கப் போவார்.

இந்தக் குளிர்காலத்தில் கட்டுரை முடிந்தது. இரண்டு இனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் மட்டும் வேண்டும் என்றார் மேலதிகாரி. இரண்டு துண்டுகளையும் முதல் தடவையாக ஒரே தட்டில் வைத்தேன். என்னுடையதன் மேற்பக்கத்தில் ஒரு குழி. மற்றதன் அடியில் ஒரு புடைப்பு. கவ்வியால் மெல்லத் தள்ளினேன். சட்டியில் மூடி மாதிரிப் புடைப்பு குழிக்குள் பொருந்தியது. இழுத்து எடுத்தேன். திரும்ப வைத்தேன். திரும்பவும் பொருந்தியது, சனியன்.

கடலில் எடுத்தவர், போத்தலின் வாய் சிறிதென்று, ஒரே பவளத்தை இரண்டாக உடைத்து இரண்டு போத்தலில் போட்டிருக்கிறார். மென்பவளத்தின் மேலே ஒரு வகை முள்ளும் அடியில் வேறு வகை முள்ளும் இருக்கும் என்பது இந்த வேலையில் அரிச்சுவடி. பழைய புத்தகங்களில் அந்த இனத்தின் அடிப்பக்கத்தை ஒருவரும் வரைந்து வைக்கவில்லை. நான் ஒரே வீட்டின் மேல்மாடியையும் பேஸ்மென்ரையும் பார்த்துவிட்டு இரண்டு வீடு என்று எழுதியிருந்தேன்.

தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். அச்சுக்குப் போகமுன் கண்டது நல்லதாகப் போயிற்று என்றார். கொன்ராக்ர் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு துண்டுகளையும் ஒரு பெரிய போத்தலில் போட்டு மூடினேன். அழுகைகூட வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்தார்.

"பேர் வச்சாச்சோ?"

"அதுக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கம்மா. அது புதுசு இல்லை. நான்தான் பிழையாப் பாத்திட்டன்."

அம்மா நக்கலடிக்கவில்லை. சோற்றைச் சூடாக்கவும் போகவில்லை. என் கோட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கோயிலுக்கு வாற எல்லாருக்கும் நான் சொல்லிப்போட்டனே, பிள்ளை," என்றார்.