பெரியப்பாவின் மேலுதடு

எங்கள் வீட்டில் என்னைவிட அதிகச் செல்லம் பெற்றது பெரியப்பாவின் மேலுதடுதான். அப்பாவின் அண்ணனான அவர், பகலில் மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் வயரும் விற்பார். லீவு நாட்களில் ஒரு பேண்ட் குழுவில் முதல் ட்ரம்பட் ஊதுவார். டவுனை அடுத்த அலுவிகாரையில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்ததால், அந்த உதட்டின் நலம் குறித்து எல்லோருமே கவலைப்பட வேண்டியிருந்தது. அதற்காகவே குழம்பில் காரம் குறைந்தது. பேண்ட் இருக்கும் வாரத்தில் கருவாடு கிடையாது. தேத்தண்ணி ஆறிய பிறகுதான் அவர் முன்னால் போகும்.

"எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட இந்த வீட்டுல இவ்வளவு கவனிப்பு இல்ல" என்பார் பெரியம்மா. சொல்லிக்கொண்டே நெய்க் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்துவார், உதட்டில் தடவ.

பெரியப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. வாலிபத்தில் நாள் முழுக்க ஊதிவிட்டு மறுநாளும் ஊதப் போனவராம். இப்போது ஒரு மணி நேரம் தாண்டினாலே உதடு தளர்ந்துவிடும். தளர்ந்த உதட்டிலிருந்து சத்தத்தை வரவழைக்க ட்ரம்பட்டை இன்னும் அழுத்துவார். அழுத்தினால், வாய் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸின் வட்டம் உதட்டில் சிவப்பாகப் பதிந்து வீங்கிவிடும். அது தெரிந்து, தனக்குத் தானே சில சட்டங்கள் போட்டிருந்தார். காலையில் பத்து நிமிடம் கீழ்ச் சுரங்களை மட்டும் நீளமாக ஊதுவார். பிறகு இன்னொரு பத்து நிமிடம் ட்ரம்பட்டை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி சும்மா இருப்பார். கடைசியில் குதிரை மாதிரி உதட்டைப் படபடவென்று அடித்துத் தளர்த்துவார். அந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எச்சில் தெறிக்கச் செய்வேன். உச்சத்துக்குப் போகும் இடங்களை மட்டும் இரண்டாவது ட்ரம்பட்டுக்கு விட்டுவிடுவார். அதை ஊதியவர் நாவுலயிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு சிங்களவர். முப்பது வயதுதான், எவ்வளவு ஊதினாலும் உதடு களைக்காது.

எனக்கு ஒன்பது வயதானபோது பெரியப்பாவின் மகளுக்கு, அதாவது எங்கள் அக்காவுக்கு, கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை மண்டபத்தில் வந்து இறங்கும்போது தன் அப்பாதான் ட்ரம்பட் ஊத வேண்டும் என்று அக்கா ஒரே பிடியாக நின்றார். பெரியம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை.

"பொண்ணைப் பெத்தவரு வாசல்ல நின்னு சம்பந்தியைக் கும்பிடணுமா, கன்னத்தை உப்ப வச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பேச்சுவார்த்தை மூன்று நாள் நடந்தது. கடைசியில், பேண்ட் குழுவின் சீருடை வேண்டாம், வேட்டி சட்டையோடு ஒரே ஒரு பாட்டு ஊதிவிட்டு உடனே போய்க் கும்பிடுவது என்று முடிவாயிற்று.

ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இரண்டு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியும் ஒரு சாவு வீடும் வந்து சேர்ந்தன. பெரியப்பா தன் சட்டங்களையெல்லாம் மறந்து மூன்றுக்கும் போய் ஊதினார். உதடு வீங்கிப்போயிற்று. டிஸ்பென்சரி டாக்டர் பத்து நாள் ட்ரம்பட்டைத் தொடக்கூடாது என்றார். கல்யாணத்துக்கோ ஆறே நாள்தான் இருந்தது. அன்று மாலையே பேண்ட் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். பெரியப்பாவைவிட வயதில் இளையவர், மரியாதை தெரிந்தவர். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, அடுத்த மாசம் தேர் வருது. முன்னுக்கு நிக்கிற ஆளு பாதியில விட்டா ஊரே பார்க்கும். கல்யாணத்துல பார்ப்போம். அங்க ஒரு பாட்டு சரியா போனா, தேருக்கும் நீங்கதான் மொதல் ட்ரம்பட். இல்லாட்டி நாவுலக்காரனை முன்னுக்குப் போடுறேன். கோவிச்சுக்காதீங்க."

பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மாஸ்டர் போன பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்று உதட்டை வெகுநேரம் பார்த்தார். இருபத்தாறு வருடமாக அம்மன் தேருக்கு முன்னால் அவர்தான் நடந்திருந்தார். அடுத்த ஐந்து நாளும் ட்ரம்பட்டைத் தொடவில்லை. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை உதட்டில் ஒற்றிக்கொண்டு, விசில்கூட அடிக்காமல், பேச்சையும் குறைத்துக்கொண்டார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை என்றார் பெரியம்மா. ஆனால் அவருக்கும் அந்த அமைதி பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எனக்குப் பெரியப்பா என்றால் உயிர். அவருக்காக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. அதற்குச் சில வாரம் முன்னால் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது, ஸ்பைஸ் கார்டனில் வேலை செய்த அம்மா, கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தார். கொஞ்சம் எரிந்தது, பிறகு மரத்துப்போய், பல் இருந்த இடமே தெரியவில்லை. பல்லை அடக்கிய எண்ணெய்க்கு உதடு எம்மாத்திரம் என்று என் மூளை வேலை செய்தது.

கல்யாணத்தன்று பெரியப்பா மவுத்பீஸைக் கழற்றி, உள்ளங்கைச் சூட்டில் வைத்திருக்கும்படி என்னிடம் கொடுத்தார். பட்டுப் பாவாடையோடு மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய், ஒளித்துக் கொண்டுவந்த சின்னக் கராம்பு எண்ணெய்க் குப்பியைத் திறந்து, மவுத்பீஸின் விளிம்பில் மூன்று சொட்டு விட்டுத் தடவினேன். வீக்கம் பெரிது என்பது ஞாபகம் வந்து இன்னும் நான்கு சொட்டு விட்டேன்.

மாப்பிள்ளையின் கார் வந்தது. எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். பெரியப்பா மவுத்பீஸை என் கையிலிருந்து வாங்கிப் பொருத்தி உதட்டில் வைத்தார்.

"இனி வலிக்காது பெரியப்பா" என்றேன்.

என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு ஊதினார். முதல் இரண்டு வரிகள் அவ்வளவு நன்றாக வந்தன. உள்ளே மணப்பெண் அறையில் அக்கா அழுதுவிட்டாராம். மூன்றாவது வரியில் சத்தம் நடுங்கியது. நான்காவதில் வெறும் காற்றுத்தான் வந்தது. கன்னம் உப்பியிருந்தது, விரல்கள் சரியாகத்தான் நடந்தன, ஆனால் பாட்டு இல்லை. நாவுலக்காரர் ஒரு நொடிகூடத் தவறவிடாமல் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டருக்குத் தெரிந்தது.

பெரியப்பா ட்ரம்பட்டை இறக்கிவிட்டு, விரலால் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மாஸ்டர் கிட்டே வந்தபோது நான் குப்பியைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டேன்.

"உதடு விட்டுருச்சு மாஸ்டர். வயசாச்சு தானே" என்றார் பெரியப்பா.

பிறகு வாசலுக்குப் போய்ச் சம்பந்தியைக் கும்பிட்டார். பெரியம்மா ஆசைப்பட்டது அப்படி நடந்தது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

சடங்கெல்லாம் முடிந்து பந்திக்குக் கூட்டம் நகர்ந்தபோது, பெரியப்பா பின்பக்கக் குழாயடியில் மவுத்பீஸைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் மெல்லப் போய், வலித்ததா என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. துளிகூட வலிக்கல" என்றார்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வைத்தியம் பலித்திருக்கிறது, உதடுதான் வயதாகித் தானாகப் போயிருக்கிறது என்று நம்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம் தேருக்கு முன்னால் நாவுலக்காரர் நடந்தார். பெரியப்பா பின்வரிசையில் இரண்டாவது ட்ரம்பட். என்னைக் கண்டதும் கையை ஆட்டினார். பின்னால் நிற்பது கஷ்டமாக இல்லையா என்று வீட்டில் கேட்டதற்கு, பின்னுக்குத்தான் வெயில் குறைவு என்றார். அதன்பிறகு அவர் முன்வரிசைக்கு வரவே இல்லை.

பெரியப்பா போய் ஆறு வருடமாகிறது. போன வருடம் அக்கா வீட்டில் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடையில் தாரை வார்க்கும் படம் வந்ததும் அக்கா சிரித்தார்.

"இந்த நேரம் அப்பா மேல ஒரே கராம்பு வாசம். என்னப்பா இதுன்னு கேட்டேன். பல்லு வலின்னாரு."

நான் பக்கத்தைப் புரட்டவில்லை. பெரியப்பாவுக்குப் பல் வலி வந்து நான் பார்த்ததே இல்லை. அந்த மவுத்பீஸ் அன்று காலை யார் கையில் இருந்தது என்பது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மாஸ்டரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார், அம்மா என் முதுகில் இரண்டு வைத்திருப்பார், பெரியப்பா தேருக்கு முன்னால் நடந்திருப்பார். அந்த வார்த்தையை அவர் தனக்குள்ளேயே வைத்துக்கொண்ட அந்தப் பகலில் நான், யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை என்ற நிம்மதியோடு, பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தேன்.