ஒட்டு இமைகள்

2025 ஜூன் 19, வியாழன், காலை பத்து இருபது. கச்சான் காற்று மேற்கிலிருந்து புழுதியோடு சுடச்சுட வீசியது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கல்முனையில் ஒரு ஃபேன்சிக் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே ஏழு பெண்கள். அவர்கள் வெளியேறட்டும் என்று பார்த்தேன். மூன்று பேர் போனார்கள், ஐந்து பேர் வந்தார்கள். இப்படியே நின்றால் லுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடும் என்று உள்ளே போனேன்.

"என்ன வேணும் ஹாஜியார்?" என்றாள் கடைப்பெண்.

நான் ஹாஜியார் இல்லை. செலவுக் கணக்குப் பார்த்தே மூன்று முறை ஹஜ்ஜைத் தள்ளிப் போட்டவன். அதைச் சொல்ல அது இடமில்லை.

"ஒட்டுற இமை" என்றேன்.

"மகளுக்கா?"

"வீட்டுக்காரிக்கு."

காசு வாங்கும் இடத்தில் இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். "அந்த உம்மா குடுத்து வச்சவ."

என் மனைவிக்குப் புற்றுநோய். கொழும்பில் நாலு ஊசி ஏற்றியாயிற்று, இன்னும் இரண்டு. முதலில் தலைமயிர் போனது, பிறகு புருவம், கடைசியில் இமைமயிர். தலைக்கு முக்காடு இருக்கிறது. புருவத்தைப் பென்சிலால் கீறலாம். இமையில்லாத கண் மட்டும் வேலியில்லாத வளவு மாதிரித் திறந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை இளைய மகளுக்குக் கலியாணம். நோய் விஷயம் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. "தெரிஞ்சா கலியாண வீட்ட நோயாளி பாக்கிற வீடாக்கிருவாங்க. அன்டைக்கு ஒரு நாள் நான் பொண்ணுட உம்மாவா மட்டும் இரிக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

அவள் கேட்டது அது ஒன்றுதான்.

எனக்கு இமை பற்றித் தெரிந்தது கொஞ்சம். எங்கள் கலியாணத்தில் அவள் கண்ணுக்கு இருந்தது ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்த சுறுமா மை மட்டும். பிறகு, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் மஸ்காரா கொண்டுவந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு குப்பி இருந்தது. ஒன்பது வீட்டுக் கலியாணத்துக்கு அது இரவல் போய் வந்தது. கடைசிக் கலியாணத்தில் அது காய்ந்துபோய், தேயிலைச் சாயம் விட்டுக் கரைத்தார்கள். அதற்குப் பிறகு அபாயாவும் நிகாபும் வந்தன. முகத்தில் தெருவுக்குத் தெரிவது கண் மட்டும் என்றானதும் கடைகளில் கண்ணுக்கான சாமான்கள் நிறைந்தன. இப்போது காந்தத்தில் ஒட்டுகிற இமைகூட இருக்கிறதாம். ஒவ்வொரு மயிராக ஒட்டுவதற்கு இரண்டு மணித்தியாலம் படுத்துக் கிடக்கிறார்களாம்.

"எத்தின எம்எம்?" என்று கடைப்பெண் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நீர்ப்பாசனக் கந்தோரில் வரைபடம் கீறிய எனக்கு மில்லிமீற்றர் தெரியும். மயிரின் நீளம் எட்டு முதல் பதினெட்டு வரை இருந்தது. நடுவில் பன்னிரண்டை எடுத்தேன்.

ஞாயிறு மதியம் அவள் முகம் கைகால் கழுவி உளு எடுத்து லுஹர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். பசை ஒட்டினால் உளுத் தண்ணீர் தோலில் படாது, அதனால் தொழுகைக்குப் பிறகுதான் ஒட்டலாம். மணப்பெண் அலங்காரக்காரியிடம் போயிருந்தாள். மூத்த மகள் கட்டாரில். வீட்டில் நான் மட்டும்.

"கோடு கீறின கைதானே. இந்தக் கோட்டுல வையுங்க."

"ஆடாம இரிகா."

"நான் ஆடல்ல. உங்கட கைதான் ஆடுது."

இடது கண்ணுக்கு மூன்று முறை, வலதுக்கு ஐந்து முறை. ஒட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்தாள். "நாடகக்காரி மாதிரி இரிக்கன்" என்றாள். கழற்றச் சொல்லவில்லை.

மண்டபத்தில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை. கலியாணப் பதிவு, காவின், எழுதியாயிற்று. நான் கையெழுத்துப் போட்டேன், எல்லோருக்கும் கை கொடுத்தேன், நினைப்பு முழுக்க வலது கண்ணில் இருந்தது. மண்டபத்துக்குள் வெக்கை. வியர்த்தால் பசை விடும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. இரண்டு முறை போன் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. திரைக்கு அப்பால் பெண்கள் சிரித்தார்கள், பிறகு சட்டென்று அமைதி. எழுந்து போய்ப் பார்க்க முடியாத இடம். முன்னால் இருந்த சோற்றை நான் தொடவில்லை.

வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில், மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். வலது இமை சோற்றில் விழுந்திருக்கிறது. ஒரு பெண் மசுக்குட்டிப் புழு என்று கையை உதறியிருக்கிறாள். சம்மந்திதான் அதை எடுத்துக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டு, கோழித் துண்டை இவள் பக்கம் தள்ளி, காதுக்குள் கேட்டாளாம்:

"எத்தின ஊசி போட்டாச்சி, ராத்தா?"

சம்மந்தி யாரிடம் சொன்னாளோ, சஹனில் இருந்த மற்றவர்கள் என்ன சொன்னார்களோ தெரியாது. மறுநாள் காலையிலிருந்து சனம் வந்தது. முதல் நாள் பதினேழு பேர், அடுத்த நாள் இருபத்தாறு. நோயாளிக்கென்று கொண்டுவந்த மோல்ட் மா டின் பதினொன்று, அப்பிள் எண்ண முடியாத அளவு. எல்லோரும் அவள் கண்ணைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார்கள். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் பக்க வழக்கப்படி பெண்வீட்டில் குடிவந்திருந்த புது மருமகன் விறாந்தையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். நானும் நின்றேன்.

மூன்றாம் நாள் கதவைத் திறந்தாள். "இஞ்ச, இன்னொரு சோடி வாங்கிட்டு வாங்க."

"இனி ஆருக்கு மறைக்க? ஊருக்கே தெரியும்தானே."

"மறைக்கவா கேட்டன்? வாறவங்க என்ட கண்ணத்தானே பாக்காங்க, இமையோட பாக்கட்டும். பன்னிரண்டு வாணா. பத்து."

வாங்கி வந்தேன். ஒவ்வொரு தொழுகைக்கும் கழற்றவேண்டும், தொழுதபின் ஒட்டவேண்டும். அன்று மட்டும் நான்கு முறை ஒட்டினேன். அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம், வந்த பக்கத்து வீட்டுக்காரி அழுவதற்கு ஆயத்தமாகத்தான் வந்தாள். இவளைப் பார்த்ததும் எந்தக் கடை என்று கேட்டாள். ஐந்தாவது ஊசிக்கு அடுத்த செவ்வாய் கொழும்புக்குப் போகவேண்டும். அதில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை, பக்கத்தில் இருப்பேன்.

முதல் சோடி 950, இரண்டாவது 790, பசை 600, ஓட்டோ இரண்டு முறை போய்வர 1,600. மொத்தம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்.