தொட்டில் தைத்த பட்டு அட்டை

பன்னிரண்டு அட்டைகளில் ஒன்றை நான் பாழாக்கினேன். அதை மறைக்க நான் செய்ததை இந்த வயதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்து முகாம் வந்திருந்தது. பருத்திப்பட்டில் எங்களுடன் இருந்த சித்தி, அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு அனுப்பும் வாழ்த்து அட்டைகளுக்குத் தையல் மிஷினில் பூவேலை செய்து கொடுத்தாள். மிஷினில் துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிட்டு, பட்டுத் துண்டை மரவளையத்தில் இறுக்கி, காலால் மிதித்தபடியே வளையத்தை ஊசிக்கு அடியில் நகர்த்துவாள். இலையும் பூவும் தானாக முளைப்பது போலிருக்கும். ஆங்கில வாழ்த்தை நான் பென்சிலால் எழுதித் தருவேன். எழுத்தறியாத அவள் அதன்மேல் கொடி ஓட்டுவது போல நூலோட்டுவாள். பிறகு துணியைக் கெட்டி அட்டையில் ஒட்டுவோம்.

சித்தப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டினார். ஆவணியில் விடுப்பில் வந்து போனவர், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தார். சித்தி சொல்லச் சொல்ல அவருக்குக் கடிதம் எழுதுபவன் நான்தான். ஆனால் ஒரு செய்தியை மட்டும் பத்து வயதுப் பையனிடம் சொல்லி எழுதவைக்க அவளுக்குக் கூச்சம். அதனால் அதைத் தைத்தாள். எழுத்தே இல்லாத ஓர் அட்டை. நடுவில் ஒரு தொட்டில்.

"இன்னா சித்தி இது, ஊஞ்சலா?"

"தொட்டில்டா. உங்க சித்தப்பாவுக்குப் புரியும். உனுக்கு இன்னாத்துக்கு? கப்பல் ஏர்றதுக்குள்ள போய்ச் சேரணும். ஒட்டித் தபால் பெட்டியில போட்டுட்டு வா."

கடிதத்தையும் அட்டையையும் உறையில் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் மிஷினில் உட்கார்ந்து விளையாடினேன். எண்ணெய்க் குப்பி கவிழ்ந்து, கட்டி வைத்திருந்த பன்னிரண்டில் மேலாக இருந்த அட்டை நனைந்துவிட்டது. அட்டைகளை வாங்கிப் போகும் பூந்தமல்லித் தரகர் அன்றே வருவதாக இருந்தது. வேறு பட்டும் வீட்டில் இல்லை. உறையிலிருந்த தொட்டிலை எடுத்துக் கட்டின் நடுவில் செருகினேன். வெறும் கடிதத்தைத் தபாலில் போட்டேன். கறைபட்டதை ஏரியில் எறிந்தேன். தரகர் எண்ணிப் பார்த்து எடுத்துப் போனார்.

கார்த்திகையில் சித்தப்பாவின் கடிதம் வந்தது. சித்தி கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். நாளைக்குக் கப்பல் ஏறுகிறேன் என்று எழுதியிருந்தார். கீழே, "வெள்ளைக்காரனுக்கெல்லாம் பூப்போட்டு அனுப்புகிறாய், எனக்கு ஒரு அட்டைகூட இல்லையா?" என்று கேலி. அந்த வரியை நான் படிக்கவில்லை. "தொட்டில் கிடைத்தது. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்" என்று படித்தேன். சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து போய் எனக்கு வெல்லம் கொண்டுவந்தாள். அதைத் தின்றேன்.

மாசியில் தந்தி வந்தது. அக்கரையில் எங்கோ, எப்படி என்றுகூடச் சொல்லாமல் சித்தப்பாவின் சாவு.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் தரகர் வந்தார். திண்ணை ஓரமாக உட்கார்ந்தார்.

"கேக்கக்கூடாதுதான் தங்கச்சி. எழுத்தில்லாம ஒரு தொட்டில் அட்டை குடுத்தியே, அத்த முகாம் தொரசானி ஊருக்கு அனுப்பாம தங்கிட்டயே வச்சிகினாங்களாம். ஏசு சாமி தொட்டிலுன்னு நெனச்சிகினு கீறாங்க. அதே மாதிரி இன்னும் பத்து வேணுமாம்."

சித்தி என்னைப் பார்க்கவில்லை. ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"தரேண்ணா," என்றாள்.

அவர் போனதும் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அந்த வரிய மட்டும் இன்னொரு தபா படிடா நைனா."

சித்தப்பாவின் கேலியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "தொட்டில் கிடைத்தது. பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று படித்தேன்.

"சட்டப் பையிலன்னு படிச்சியே," என்றாள் மெதுவாக.

"ஆமா சித்தி. சட்டப் பையிலதான்."

அவள் தலையசைத்துக் கடிதத்தை வாங்கி மடித்தாள். மிஷினில் உட்கார்ந்து பாதத்தைக் கழற்றினாள், வளையத்தில் பட்டுத் துண்டை இறுக்கினாள். அவள் நம்பிவிட்டாள், நான் தப்பித்துவிட்டேன் என்று அன்று எண்ணிக்கொண்டு விளையாட ஓடினேன்.