மைக்ரான் அண்ணனின் கை

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகவாயால்தான் மைக்ரான் அண்ணன் எல்லாவற்றையும் காட்டுவார். "அதோ, அந்தச் சக்கரம் தெரியுதுங்களா? அதைச் சுத்தினா மேசை நகரும்." பார்க்க வந்தவர்கள் அவர் முகவாய் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்புவார்கள். யாராவது மெருகேறிய இரும்பின்மேல் கை வைத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். "கொஞ்சம் கையை எடுத்துக்கோங்க சார்" என்பார். பிறகு ஓரமாக நிற்கும் என்னைப் பார்ப்பார். நான் எண்ணெய்த் துணியோடு போய் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு வருவேன்.

எனக்கு வேலை பேக்கிங்கில். பாகங்களுக்கு எண்ணெய் பூசி மெழுகுத்தாளில் சுற்றுவேன். விருந்தினர் வரும் நாட்களில் முன்கூடத்தைத் துடைக்கக் கூப்பிடுவார்கள்.

எங்கள் தொழிற்சாலை, மற்றத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்கிறது. முன்கூடத்தில் நிற்பது இங்கே செய்த முதல் கிரைண்டிங் மெஷின், இரும்பைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது; விற்றதைப் பின்னாளில் திரும்ப வாங்கி வைத்திருக்கிறார்கள். அதன் கதையைச் சொல்வதுதான் இப்போது அண்ணனின் வேலை. பெரிய முதலாளி ஒரு தகரக் கொட்டகையில் ஊரார் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். உதிரிப் பாகம் கப்பலில் வந்து சேர்வதற்குள் வாடிக்கையாளர் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்பதால், பாகங்களைத் தாமே செய்யத் தொடங்கினார். ஒருநாள், "பாகம் பாகமா செய்யறோமே, முழுசா செஞ்சா என்ன?" என்று கேட்டாராம். முதல் மெஷினை வாங்கியவர் தையல் ஊசி செய்கிறவர். ஓடவிட்டதும் அது நடுங்கியது. "குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறுச்சுங்க. பெரியவர் தலையில கை வச்சு ஒக்காந்துட்டார். மறுபடி எல்லாத்தையும் பிரிச்சாங்க" என்பார் அண்ணன். பிரித்தவர்களில் தாமும் ஒருவர் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

மைக்ரான் என்பது பட்டப்பெயர். ஒரு தலைமுடியை நெடுக்காகப் பல பத்துக் கீற்றுகளாகப் பிளந்தால், ஒரு கீற்றின் பருமன்தான் மைக்ரான். அந்த அளவு பிசகினாலும் அண்ணன் இங்கே சண்டை பிடிப்பார். அவர் வீட்டிலும் அதே கதைதான். நாங்கள் ஒரே தெரு. ஆடும் நாற்காலியின் காலுக்கடியில் காகிதத்தை மடித்துச் செருகியபடி அவர் குனிந்திருப்பதை வாசலிலிருந்தே பார்க்கலாம். "கல்யாணம் ஆன புதுசுல, என்னையே பாத்துட்டு நிக்கறாருன்னு வெக்கப்பட்டேன். பாத்தா, எனக்குப் பின்னாடி சுவத்துல படம் கோணலா தொங்கிட்டிருக்கு" என்று அண்ணி சொல்வார்.

முன்பெல்லாம் அவர் பாகங்களை மெஷினாகப் பூட்டும் அசெம்பிளியில் இருந்தார். மெஷினுக்குள் சுழலும் தண்டான ஸ்பிண்டிலைப் பொருத்துவது அவர் பொறுப்பு. பொருத்தியபின் வெறும் விரலால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார். கையுறை போடச் சொன்னால், "காதுல பஞ்சு வச்சுக்கிட்டு பாட்டு கேக்கச் சொல்றீங்களே" என்பார்.

ஆனால் அவர் கை வேர்வை பொல்லாதது. சிலருக்கு அப்படி அமைந்துவிடுகிறது. அவர்கள் தொட்ட இரும்பு சீக்கிரமே பழுப்பேறும். இளவயதில் வெயில் காலத்தில் மட்டும் தலைகாட்டிய தொல்லை, வயது ஏற ஏற அவரோடேயே தங்கிவிட்டது. வீட்டில் கத்தரிக்கோல், சாவி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் துரு. "இவர் கையில குடுத்தா தங்கமே துரு பிடிக்கும்" என்பார் அண்ணி. இதை வேலையில் அண்ணன் மறைத்தே வைத்திருந்தார். தோல் வெடிக்கும்வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். சட்டைப் பையில் பவுடர் டப்பா இருக்கும். தொட்டதையெல்லாம் எண்ணெயால் துடைத்து, மறுபடியும் துடைப்பார். என்னிடம் வரும் பாகங்களில் எண்ணெய் சொட்டினால், அது அவர் கை பட்டது என்று எனக்குத் தெரியும்.

கடல் தாண்டிப் போன மெஷின் ஒன்று திரும்பி வந்தது. பிரித்தார்கள். துணி எட்டாத உள்ளிடத்தில், ஸ்பிண்டிலைச் சுற்றி விரல்கள் துருவாகப் பதிந்திருந்தன. அதைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் அரித்துப் போயிருந்தது. மேனேஜர் அசெம்பிளியில் இருந்த எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு மெருகிட்ட தகட்டில் கட்டைவிரலை அழுத்தச் சொன்னார். "யார் தகடு துரு பிடிக்குதோ, அவங்க இனிமே மெஷின்ல கை வைக்க வேணாம்" என்றார். தகடுகளை ஈரத்துணி போட்ட பெட்டியில் அடுக்கி, பேக்கிங் அலமாரியில் வைத்தார்கள். அடுத்த நாள் விடுமுறை.

விடுமுறை முடிந்த காலையில், மற்றவர்கள் வருமுன் அண்ணன் என்னிடம் வந்தார். கைகள் சட்டைப் பையில் இருந்தன.

"தங்கச்சி, ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"

பெட்டியைத் திறந்தேன். மற்றத் தகடுகளில் லேசான மங்கல்தான். அவருடையதில் கட்டைவிரல் முழுதாக எழும்பியிருந்தது, ரேகை ரேகையாக, பழுப்பு நிறத்தில். மெருகேற்றும் பசையையும் எண்ணெய்த் துணியையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். நாலு தேய்ப்பில் போய்விடும்.

துணியை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"தொடைச்சுடலாம்தான். அடுத்த மெஷினுக்குள்ள போய் ஒக்காந்துக்குமே, அதை யாரும்மா தொடைக்கிறது?"

துணியை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

அன்றே அவரை முன்கூடத்துக்கு மாற்றினார்கள். "கௌரவமான இடம்தானே அண்ணே" என்றார் சின்ன முதலாளி. அசெம்பிளிக்காரர்கள் சும்மா விடவில்லை. "உங்களுக்கென்ன அண்ணே, ஃபேனுக்கடியில கதை சொல்ற வேலை! எங்களுக்கும் கொஞ்சம் வேர்வை கடன் குடுங்க."

"வாளி கொண்டாடா, ஊத்தறேன்" என்று அவரும் சிரித்தார். அதன்பின் அவர் அசெம்பிளிப் பக்கம் போனதில்லை. சாப்பாட்டையும் முன்கூடத்து மூலையிலேயே முடித்துக்கொள்கிறார். கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் புது மெஷினை ஓடவிட்டால், வாக்கியம் பாதியில் நிற்கும். அந்தச் சத்தம் சீராகும்வரை விருந்தினர்கள் காத்திருப்பார்கள்.

போன வாரம் வந்தவர்களில் ஒரு பெண், "இதுல நீங்க செஞ்சது எது?" என்று கேட்டார். யாரும் அதுவரை கேட்டதில்லை.

"உள்ள இருக்கும்மா. வெளிய தெரியாது" என்றார்.

எல்லோரும் போனார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். அண்ணன் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். வலது உள்ளங்கையை மெஷினின் மெருகிட்ட மேசைமேல் முழுதாகப் பதித்தார். அது இன்னும் நடுங்குகிறதா என்று பார்ப்பதுபோல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே துணிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன்.

மெஷினைத் துடைக்கவில்லை. தன் கையை மட்டும் விரல் விரலாகத் துடைத்து, துணியை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.