தலைகீழாகச் சுற்றிய ஹீட்டர் விசிறி

கோயமுத்தூரில் காருக்குள் ஹீட்டர் வேண்டும் என்று கேட்ட ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு மில் முதலாளி. அப்பா காலத்தில் வாங்கிய இங்கிலாந்துக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த ஹீட்டரை என்றைக்கோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். இவர் அந்தக் காரை ஊட்டியில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்கு ஓட்டிப்போக ஆசைப்பட்டார். அதில் ஒரு சாமான்கூட ஓடாமல் இருக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம்.

அது ஆறு வோல்ட் வண்டி. அவ்வளவு பெரிய ஆறு வோல்ட் பேட்டரி கிடைப்பது பெரும்பாடாகிவிட்டதால், மெக்கானிக் ஒருவர் வண்டியைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றியிருந்தார். பல்பிலிருந்து டைனமோ வரை எல்லாம் மாறிவிட்டது. ஹீட்டர் விசிறியைச் சுற்றும் சின்ன மோட்டார் மட்டும் பாக்கி. அதைப் பிரித்து, மெல்லிய கம்பியால் இரண்டு மடங்கு சுற்று சுற்றினால் பன்னிரண்டு வோல்ட்டைத் தாங்கும். அதற்காகத்தான் கணபதி என்ற பகுதியில் நான் வேலை பார்த்த வைண்டிங் கடைக்கு அது வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

கடையில் முக்கால்வாசி வேலை கிணற்று மோட்டார்தான். அதெல்லாம் போர்மேனுடையது. இருபது வருஷத்துக் கை. மதுக்கரையிலிருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்த எனக்கு மிக்ஸி, டிரில்லிங் மிஷின் மாதிரிச் சின்ன மோட்டார்கள். மிக்ஸியைப் போர்மேன் பொம்பளைச் சாமான் என்பார், விரலால்கூடத் தொட மாட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஜன்னலோரமாக எனக்கென்று ஒரு மேஜை இருந்தது. அந்த மேஜைக்கு வருவதற்கு நாலு வருஷம் பிடித்திருந்தது.

கார் மோட்டார் வந்த அன்றைக்குப் போர்மேன் அதைப் பிரிக்கவே இல்லை. நேராகப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் மாட்டினார். அது காட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டு சுற்றியது.

"பாத்தியா, எப்புடி ஓடுதுன்னு! இதுக்குப் போயி வைண்டிங் எதுக்குங்கறேன்?"

"எரிஞ்சுபோயிருமுங்கண்ணா. கழட்டிப்போடட்டுங்களா?" என்றேன்.

"நீ தொடாத" என்று சொல்லி, ஓடவிட்டபடியே டீ குடிக்கப் போய்விட்டார்.

ஐந்தே நிமிஷம். புகை கிளம்பியது. நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். வயர் என் கையில் இருக்கும்போதே மில் முதலாளியும் எங்கள் கடை முதலாளியும் உள்ளே நுழைந்தார்கள். பின்னாலேயே போர்மேனும் வந்தார்.

"ஏனுங்க, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள இந்தப் புள்ள பன்னண்டு வோல்ட்டுல குடுத்து எரிச்சுப்போட்டாளுங்க" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

நான் வாயைத் திறந்தேன். "பேசாத இரு கண்ணு. மன்னாப்புக் கேட்டுரு" என்றார் கடை முதலாளி. கேட்டேன். "பரவால்லீங்க அம்மணி" என்றார் மில் முதலாளி. அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. செய்யாத தப்புக்கு வாங்கிக்கொண்ட மரியாதை அது.

மறுநாள் காலையில் என் மேஜையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். என்னைக் கொல்லைப்புறக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். எரிந்துபோன மோட்டார்களிலிருந்து பழைய காயிலை உளி வைத்து வெட்டி எடுக்கிற வேலை. கடையிலேயே கடைசி வேலை அதுதான். நான் அழவில்லை, கறுவினேன். ஒவ்வொரு அடியையும் அந்த மனுஷனின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் அடித்தேன். அதனால் வேலையும் வேகமாக நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அதற்கிடையே போர்மேன் அந்தச் சின்ன மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கிணற்று மோட்டாரில் பழகிய விரலுக்கு அந்த மெல்லிய கம்பி அகப்படவில்லை. சுற்றச் சுற்ற அறுந்தது. மூன்றாம் நாள் கொட்டகைக்கு வந்தார்.

"அம்மணி, சித்த இதச் சுத்திக் குடு. மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாத."

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சுற்றிக் கொடுத்தேன். எனக்கு அந்த மோட்டார் மேல் கோபமில்லை. அதற்குள் இரண்டு காயில். சுழல்வது ஒன்று, அசையாமல் சுற்றி நிற்பது இன்னொன்று. இரண்டையும் முடித்து, ஒன்றோடொன்று சேர்க்கப்போன நேரத்தில் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கனெக்சன நாங் குடுத்துக்கறேன். அதெல்லாம் உனக்குப் புடிபடாது."

என் கண் முன்னாலேயே, நிற்கிற காயிலின் இரண்டு முனைகளையும் மாற்றிவைத்து ஈயத்தால் பற்றவைத்தார். விசிறி தலைகீழாகத்தான் சுற்றும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் உளியை எடுத்துக்கொண்டேன்.

மாட்டிப் பார்க்கும் நாள் வந்தது. கடை வாசலில் கார். உள்ளே மில் முதலாளி, வெளியே எங்கள் முதலாளி. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் அழகாக ஓடியது. மில் முதலாளி காற்று வருகிற துவாரத்துக்கு எதிரே கர்ச்சீப்பைப் பிடித்தார். பறக்க வேண்டிய கர்ச்சீப் துவாரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

போர்மேன் சிரித்தார். "தலைகீழாச் சுத்துதுங்க, அவ்வளவுதான். ரெண்டு வயர மாத்திக் குடுத்தாச் சரியாப்போயிருமுங்க."

கிணற்று மோட்டாருக்கு அதுதான் வைத்தியம். தலைகீழாகச் சுற்றினால் வருகிற மூன்று வயரில் இரண்டை மாற்றிப்போடு, திசை மாறிவிடும். எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்காரர்களுக்குக்கூட அது தெரியும். போர்மேன் மாற்றினார். கர்ச்சீப் ஒட்டிக்கொண்டது. திரும்ப மாற்றினார். ஒட்டிக்கொண்டது. நாலாவது தடவை அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடையில் இருந்த அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நானும் உளியோடு வந்து நின்றேன். அவ்வளவு இனிப்பான காட்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மிக்ஸியைத் தொட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். அதன் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் பிளேடு ஒரே பக்கம்தான் சுற்றும். இந்தக் கார் மோட்டாரும் அதே ஜாதி. வெளி வயரை மாற்றினால் இரண்டு காயிலிலும் கரண்ட் ஓடும் பக்கம் சேர்ந்தே மாறும், சுற்றும் திசை மாறாது. ஒரு காயிலின் முனைகளை மட்டும் மாற்ற வேண்டும்.

"உனக்கு ஏதாச்சும் தெரியுதா கண்ணு?" என்று எங்கள் முதலாளி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியுமுங்க. ஆனா அன்னைக்கு இந்த மோட்டார எரிச்சது யாருன்னு அண்ணன் ஒருக்காச் சொல்லிப்போடட்டுங்க. அப்பறம் செஞ்சு குடுத்தர்றேனுங்க."

மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. போர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. கார் டயரைப் பார்த்துக்கொண்டே ஏதோ முனகினார்.

"கேக்கலீங்கண்ணா" என்றேன்.

"நாந்தானுங்க எரிச்சேன். இந்தப் புள்ள மேல போட்டுட்டேனுங்க."

"சுத்துனது யாருன்னும் சொல்லிப்போடுங்கண்ணா."

அதையும் சொன்னார். பத்து நிமிஷத்தில் முனைகளை மாற்றிக் கொடுத்தேன். கர்ச்சீப் பறந்துபோய் மில் முதலாளியின் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. மறுநாள் ஜன்னலோர மேஜை எனக்குத் திரும்பி வந்தது.

ஆனால் அத்தோடு எனக்கு ஆறவில்லை. வயரை மாற்றியும் திசை ஏன் மாறவில்லை என்பது போர்மேனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஜாடைமாடையாக என்னிடம் கேட்டுப்பார்த்தார். பிறகு நேராகவே கேட்டார். "அது அப்படித்தானுங்கண்ணா" என்பேன். வருஷக்கணக்கில் அதையே சொன்னேன்.

அவர் வேலையை விட்டுப் போகிற அன்றைக்கு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணில் பழைய திமிர் இல்லை.

"நான் பண்ணுனது தப்புத்தான் அம்மணி. அத ஒண்ணச் சொல்லிப்போடு. இத்தன வருசம் மோட்டாரோட கெடந்துபோட்டு, ஒரு மோட்டாரு புரியாமலே ஊட்டுக்குப் போறனே."

இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். "கையில வேலை இருக்குதுங்கண்ணா" என்று குனிந்துகொண்டேன். அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார். அவர் வாசலைத் தாண்டும்வரை நான் தலையைத் தூக்காமல் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். எத்தனை சுற்று ஆயிற்று என்பது விட்டுப்போய்விட்டது. எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து சுற்ற வேண்டியதாயிற்று. அதற்கும் அவரைத்தான் திட்டினேன்.