காது மாதம்

வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்பதை எங்கள் கல்லூரி முதல்வர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். அவருக்கு அது இதய மாதம், கண் மாதம், மர மாதம், வாசிப்பு மாதம். முதல் வாரம் சுற்றறிக்கை வந்துவிடும். நூலக வாசலுக்கு எதிரே மேஜை போட்டு, அந்த மாதத்துக்குப் பொருந்துகிற புது வரவுகளை மேலே நிறுத்தி, பழையதைக் கீழே அடுக்கி, பின்னால் ஒரு பலகையில் தலைப்பு எழுதி வைக்கவேண்டும். அடுக்குவது நான். புதுப் புத்தகத்துக்கு முத்திரை குத்தி, உறை போட்டு, முதுகில் எண் ஒட்டுவதும் நான்தான். பலகை எழுதுவது கவுன்ட்டர் அக்கா.

அக்காவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்து புத்தகம் கொடுத்து வாங்குகிறார். வருடாவருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. கணவர் இல்லை. ஒரே மகள், இங்கேயே இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஊழியர் பிள்ளை என்பதால் கட்டணம் கிடையாது. அக்காவுக்கு வேலை போனால் மகளுக்குப் படிப்பு போகும், அவ்வளவுதான் விஷயம்.

அக்காவுக்குக் காது கேட்காது. மகளை விட்டால் இது எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வருடம் முன்பு, அவர் முதுகுக்குப் பின்னால் புத்தகப் பெட்டி ஒன்றைக் கை நழுவவிட்டேன். வாசிப்பறையே பதறி எழுந்து நின்றது. அக்கா மட்டும் தன் பாட்டுக்கு அட்டையில் தேதி குத்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இடது காது சுத்தமா போச்சு. வலதுல ஏதோ கொஞ்சம் இருக்கு. மெஷின் வெச்சா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும். யார்கிட்டயும் சொல்லிடாத, நீ நல்லா இருப்ப" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய சாமர்த்தியம் எனக்குப் புரிந்தது. உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவார். மிச்சத்துக்கு, "நூலகத்துல பேசக் கூடாது, எழுதிக் குடு" என்று துண்டுச் சீட்டை நீட்டுவார். பிள்ளைகள் அவரை ரொம்பக் கண்டிப்பானவர் என்று நினைத்துப் பயந்து நடுங்கினார்கள்.

கெடுத்தது நான். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்திருக்கிறது? போன மாதக் கூட்டத்தில் முதல்வர், "மேஜையை ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கலையே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"வெறுமனே புத்தகத்த நிறுத்தி வெச்சா எவன் சார் பாப்பான்? ஆளுங்க கலந்துக்கிற மாதிரி ஏதாவது வைங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சரியா சொன்னம்மா. அடுத்தது காது மாதம். நூலகத்துலயே பரிசோதனை முகாம் போட்டுடலாம். முதல்ல நம்ம ஊழியர்கள், அப்புறம் மாணவர்கள்."

சட்டென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். எதிரே அக்கா, ஒன்றும் பிடிபடாமல், எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சுற்றறிக்கை கைக்கு வந்ததும்தான் அந்தச் சிரிப்பு நின்றது. "அன்னிக்கு லீவு போட்டுடுங்கக்கா" என்றேன்.

"வராதவங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிட்டு வரணும்னு கீழ போட்டிருக்கே, நீ பாக்கலையா?"

யோசனை என் வாயிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட்டேன். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. "விடு, என்னிக்காவது வரவேண்டியதுதானே" என்றவர், பலகையை மடியில் எடுத்து வைத்து, 'செவியைக் காப்போம்' என்று வழக்கமான அழகோடு எழுதினார். காதைப் பற்றிப் புது வரவு நான்கு இருந்தது. எண் ஒட்டும்போது நான்கையும் தூக்கிக் குப்பையில் போடலாமா என்று வந்தது.

இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒலி கேட்டால் கையைத் தூக்கவேண்டும் என்பதுதான் பரிசோதனை. கருவியை இயக்குகிறவர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் நான் எதிரே நின்று மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிடுவேன். அதைப் பார்த்து அக்கா கையைத் தூக்குவார். முகாமுக்கு வந்த பெண்ணோ உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தன் விரல்களை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டாள். எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ. வியர்வையில் கண்ணாடி வழுக்கி இறங்கியது. பழக்கதோஷத்தில் தள்ளிவிட்டேன்.

அக்கா கையைத் தூக்கினார்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றாள் அந்தப் பெண். தலையில் மாட்டிய கருவியோடு, நெற்றிக்கு நேராகத் தூக்கிய கையோடு, அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வது என்று சொல்ல எனக்கு ஒரு ஜாடையும் தெரியவில்லை.

மறுநாள் முதல்வர் அக்காவை அழைத்தார். துணைக்கு என்னையும் வரச்சொன்னார். நல்ல மனிதர்தான், அதுதான் வயிற்றெரிச்சல். அக்காவை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கவுன்ட்டர் வேலைக்குக் காது கேட்டாகவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று தாளைத் திருப்பிக் காட்டினார். அக்கா படித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பொண்ணோட கட்டணம் சார்?"

முதல்வரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்தப் பருவம் வரைக்கும்தாம்மா வேலை. சலுகையும் அதோட சரி. என் கையில ஒண்ணுமில்ல" என்று வெளியே பார்த்துச் சொன்னார்.

அக்காவுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாரு?"

கூட்டத்தில் அத்தனை சுலபமாகத் திறந்த வாய் இப்போது ஒட்டிக்கொண்டது. "இந்தப் பருவத்தோட எல்லாம் முடியுதாம்க்கா" என்றேன். அக்கா புரியாதவர் மாதிரி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டு, மகளின் கட்டணத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"முதல் தரமே புரிஞ்சுது. வேற ஏதாவது சொல்ல மாட்டியான்னு பாத்தேன்" என்றார்.